முகத்தைக் கடைசியில் பாருங்கள்: பேரரசி எலிசபெத்தின் 1865 உருவப்படத்தை ரசிக்கும் முறை

அரச குடும்பத்து இளம்பெண்ணின் உருவப்படம் முன்னால் நின்றால் கண் நேராக முகத்துக்குப் போகும். "அழகாக இருக்கிறாள்" என்று மனம் தீர்ப்புச் சொல்லிவிடும். அத்தோடு பார்ப்பதும் முடிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசவை ஓவியர்கள் முகத்தைத்தான் மிகவும் கட்டுப்பாட்டோடு, வழவழவென்று தீட்டினார்கள். அவர்களுடைய கை சுதந்திரமாக ஓடியது துணியிலும் நகையிலும் பின்னணியிலும்தான். ஆகவே எதிர்த்திசையில் போகப் பழக வேண்டும். அளவு, உருவக்கோடு, துணி, நகை, கூந்தல் எல்லாம் முடிந்த பிறகே முகம்.

இந்த முறையைப் பழக மிகப் பொருத்தமான படம், ஃபிரான்ஸ் சேவர் வின்டர்ஹால்டர் 1865-ல் தீட்டிய ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத். 'சிசி' என்ற செல்லப்பெயரில் உலகம் அறிந்தவர். கூந்தலில் வைர நட்சத்திரங்கள், உடலைச் சுற்றி வெண்மேகம் போன்ற உடை, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் பார்வை. வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையோடு இணைந்த படம் இது. அப்போது அவருக்கு வயது 27. பிறந்தது 1837 டிசம்பர் 24, மியூனிக்கில். 16 வயதில், 1854 ஏப்ரலில், பேரரசர் ஃபிரான்ஸ் யோசப்பை மணந்தார். வாழ்க்கை வரலாறு இப்போதைக்கு இவ்வளவு போதும். மீதியைக் கடைசிவரை மனதிலிருந்து ஒதுக்கி வையுங்கள்.

தேவையான பொருள்கள்

வியன்னாவுக்குப் போக முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் உயர் தெளிவுள்ள மின்படம் ஒன்றை வைத்துக்கொண்டே பெரும்பகுதியைச் செய்யலாம். நீளப் பக்கத்தில் குறைந்தது 4000 புள்ளிகள் (பிக்சல்) இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பெரிதாக்கும்போது தூரிகைத் தடம் கரைந்து, எல்லாம் மெழுகு பூசியதுபோல் தெரியும். கைப்பேசி வேண்டாம், கணினித் திரையில் பாருங்கள். திரையில் இரவுநேர மஞ்சள் ஒளி அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். வெள்ளை உடையைப் பார்க்கப் போகிறோம். மஞ்சள் திரை அந்த வெள்ளையைப் பாழாக்கிவிடும். ஒரே படம் ஒரு தளத்தில் நீலம் பாய்ந்தும் இன்னொன்றில் பழுப்பேறியும் கிடைக்கும். மூன்று பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, நிழல்களில் சாம்பல், நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரியும் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு ஒரு பென்சில், இரண்டு நிறப் பென்சில்கள், கோடில்லாத தாள், நடுவில் 1 செ.மீ. துளை போட்ட சாம்பல் நிற அட்டை ஒன்று, கொஞ்சம் வெள்ளைக் கொசுவலை, ஒரு கறுப்புத் துணி. கொசுவலை எதற்கு என்பது துணியைப் பார்க்கும்போது புரியும். அருங்காட்சியகங்களில் பேனாவை விரும்ப மாட்டார்கள், பென்சிலே எடுத்துப் போங்கள்.

முதலில் சுவரில் அளந்து பாருங்கள்

படத்தின் அளவு 255 × 133 செ.மீ. எண்ணாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது. வீட்டுச் சுவரில் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் தொடங்கி, 8 அடி 4 அங்குல உயரமும் 4 அடி 4 அங்குல அகலமும் வருமாறு காகித டேப் ஒட்டுங்கள். மேல்விளிம்பு பல வீடுகளில் கூரையைத் தொட்டுவிடும். இப்போது அதன் முன்னால் நில்லுங்கள். எலிசபெத்தின் உயரம் சுமார் 172 செ.மீ. ஏறக்குறைய ஆளளவு உருவம், அதுவும் நம் கண்மட்டத்துக்கு மேலே தலை. பெரிய அரண்மனை அறையில், தூரத்திலிருந்து நடந்து வருபவரை எதிர்கொள்வதற்காகச் செய்த படம் இது. திரையில் ஓர் அஞ்சலட்டை அளவுக்குச் சுருங்கியதைப் பார்த்து "கொஞ்சம் அலங்காரம் அதிகம்" என்று பலர் முடிவுகட்டுவதற்குக் காரணம் இந்த அளவை மறப்பதுதான். 10 மீட்டர் தூரத்தில் பளிச்சிட வேண்டிய நட்சத்திரத்தை 30 செ.மீ. தூரத்தில் திரையில் பார்த்தால் மிகையாகத்தான் தோன்றும்.

பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். விவரங்கள் மறைந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். அதை ஆறேழு கோடுகளில் தாளில் போடுங்கள். கீழே அகன்று விரிந்த வெள்ளைக் கூம்பு, அது மேலே குறுகி இடுப்பில் ஒடுங்குவது, அதற்கு மேல் தோளும் கழுத்தும், உச்சியில் கூந்தலின் அடர்ந்த இருட்டு. ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. கையால் போட்ட ஆறு கோடு, கண்ணால் பத்து நிமிடம் பார்ப்பதைவிட அதிகம் சொல்லும். மிக வெளிச்சமான பரப்பும் மிக இருண்ட பரப்பும் எங்கே ஒட்டி நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கூந்தலும் தோளும் சந்திக்கும் இடம் அது. பார்வையை மேலே இழுக்கும் கொக்கி அங்கேதான் மாட்டியிருக்கிறது.

நிற்கும் விதத்தையும் இங்கேயே கவனியுங்கள். நேராக நிற்கவில்லை; உடல் ஒருபுறம் திரும்பியிருக்க, தலை மட்டும் நம்மை நோக்கித் திரும்புகிறது. நேராக நின்றிருந்தால் பின்னலில் தொங்கும் நட்சத்திரங்களும் பின்னால் நீளும் பாவாடையும் மறைந்திருக்கும். இந்த ஒரு திருப்பத்தில் முகம், கூந்தல், முதுகு வளைவு, உடையின் வீச்சு நான்கையும் காட்டிவிடுகிறார் ஓவியர்.

துணியில் அரைமணி நேரம்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். உடை வெள்ளை நிற நெட் துணி; பிரெஞ்சில் 'ட்யூல்' என்பார்கள். அதன்மேல் மின்னும் தகட்டு நட்சத்திரங்கள். பாரிஸில் கடை வைத்திருந்த ஆங்கிலேயத் தையல் கலைஞர் சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த்தின் உடை என்று சொல்லப்படுகிறது.

கறுப்புத் துணியை மேசையில் விரித்து, அதன்மேல் கொசுவலையை ஒரு மடிப்பாகப் போடுங்கள். வெள்ளை வலைதான், ஆனால் தெரிவது கறுப்பின் மேல் படர்ந்த நீலச்சாம்பல். இரண்டு மடிப்பாக்குங்கள், சாம்பல் வெளுக்கும். நான்காக்கினால் வெள்ளை. இனி வலையைக் கையால் சுருக்கிக் கொசுவம் போல் பிடியுங்கள். மடிப்பு வளையும் விளிம்பில் பல அடுக்குகள் ஒன்றுசேர்ந்து, அங்கே மட்டும் பளிச்சென்று ஒரு வெண்கோடு ஓடும். கடைசியாக அதே வலையை முன்கையில் போர்த்துங்கள். தோலின் நிறம் வெள்ளையோடு கலந்து, இதமான வெதுவெதுப்பு தெரியும்.

இப்போது படத்தின் பாவாடையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கையில் பார்த்த எல்லாம் அங்கே இருக்கும். நிழலில் நீலச்சாம்பல், மடிப்பு விளிம்பில் வெண்கோடு, தோள் பக்கத்தில் தோலின் சாயல். இதைக் கொண்டுவரும் வழிதான் அற்புதமானது. இருண்ட அடிப்பூச்சின் மேல் வெள்ளை வண்ணத்தை மெல்லியதாக, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் இழுத்தால், அடியிலிருப்பது பாதி தெரியும்; அந்த வெள்ளை தானாக நீலம் பூக்கும். தண்ணீர் கலந்த பாலைக் கருங்கல்லில் ஊற்றினால் நீலம் தெரிவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. அங்கே நீல வண்ணமே வேண்டியதில்லை. துணி எப்படி அடுக்கடுக்காக வெளுக்கிறதோ, அப்படியே வண்ணமும் அடுக்கடுக்காக வெளுக்கிறது. வலைக்கண்களை ஒவ்வொன்றாக வரைய நினைத்தால் கம்பிவலைதான் கிடைக்கும்.

துளை அட்டையின் வேலையும் இங்கேதான். அட்டையைத் திரையில் வைத்து, துளை வழியாகப் பாவாடையின் ஐந்தாறு இடங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொன்றின் நிறத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: "சாம்பல்", "இளநீலம்", "வெண்ணெய் மஞ்சள்", "மங்கிய ரோஜா". "வெள்ளை" என்று எழுதும்படி அநேகமாக ஓரிரு இடம்தான் வரும். அட்டையை எடுத்தவுடன் எல்லாம் மறுபடி வெள்ளை உடையாகிவிடும். அருங்காட்சியகத்தில் இதைச் செய்தால் அட்டையைக் கண்ணருகே பிடியுங்கள். படத்தின் பக்கம் நீட்டக் கூடாது.

அந்தக் காலத்து வெள்ளையைப் பற்றி ஒரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதன்மை வெள்ளை ஈய வெள்ளை. குழைவாக இருக்கும், கெட்டியாக வைத்தால் சிறு மேடாக நிற்கும், மெல்லியதாக இழுத்தால் ஓரளவு ஒளி ஊடுருவும். நெட் துணிக்கும் நகையின் மினுக்குக்கும் ஒரே வண்ணம் உதவியது அதனால்தான். இன்று கடையில் கிடைக்கும் டைட்டானியம் வெள்ளை ஓவியர் கைக்கு வந்தது 1920-களை ஒட்டித்தான். அது அடியிலிருப்பதை அடியோடு மறைக்கும் தன்மையுள்ளது. இந்தப் படத்தை இன்று நகலெடுப்பவர்களின் பாவாடை சுண்ணாம்பு அடித்ததுபோல் தட்டையாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாவாடையின் வடிவத்தைப் பார்த்தே ஆண்டைக் கணிக்கலாம். 1850-களின் பிற்பகுதியில் கிரினோலின் என்ற வளையக் கூடு, பாவாடையை எல்லாப் பக்கமும் சமமாக, கவிழ்த்த கூடைபோல் உப்ப வைத்தது. 1860-களின் நடுவில் முன்பக்கம் தட்டையாகி, அகலமெல்லாம் பின்னால் தள்ளப்பட்டு நீண்டது. இந்த உருவத்தின் வெள்ளைப் பரப்பு பின்னோக்கிச் சாய்ந்து வழிவது அந்த மாற்றத்தால்தான். ஆண்டு தெரியாத வேறொரு படம் கிடைத்தால் முதலில் பாவாடையைப் பாருங்கள். நகை தலைமுறை தாண்டும். பாவாடை பத்தாண்டுகூடத் தாண்டாது.

நட்சத்திரங்களும் கூந்தலும்

வைர நட்சத்திரங்கள் வியன்னா அரசவை நகைக்காரர்களான கோஷெர்ட் குடும்பத்தார் செய்தவை என்று புகழ்பெற்றவை. முத்து வைத்த நட்சத்திரம் ஒன்று 1998-ல் ஷோன்புருன் அரண்மனைக் கண்காட்சியில் திருடுபோய், 2007-ல் கனடாவில் மீட்கப்பட்டது.

ஒரு நட்சத்திரத்தை மட்டும் தெரியவிட்டு, சுற்றியுள்ள கூந்தலை இரண்டு தாள்களால் மறையுங்கள். வைரம் செத்துவிடும். மிஞ்சுவது சாம்பல் தீற்றலும் சில வெண்புள்ளிகளும்தான். தாளை விலக்கினால் மறுபடி சுடர்விடும். ஒளியைத் தருவது கூந்தலின் இருட்டு. எனவே நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, அவற்றைச் சுற்றியுள்ள பழுப்பை எவ்வளவு ஆழமாக இறக்கியிருக்கிறார் என்று பார்ப்பது பயனுள்ளது. உடையில் இருக்கும் தகட்டு நட்சத்திரங்களோடு இவற்றை ஒப்பிடுங்கள். உடையில் வெள்ளைமேல் மினுக்கம், ஆகவே அடக்கம். கூந்தலில் இருட்டின்மேல் மினுக்கம், ஆகவே உரக்க. ஒரே வடிவம் கீழிருந்து மேலே ஏற ஏறக் குரல் கூடுகிறது. தலையில் கிரீடம் இல்லை என்பதையும் இந்த இடத்தில் கவனியுங்கள். அதன் வேலையைக் கூந்தலே செய்கிறது.

அந்தக் கூந்தலின் பின்னால் உண்மையான உழைப்பு இருந்தது. வியன்னாவின் பர்க் நாடக அரங்கில் நடிகைகளுக்குத் தலையலங்காரம் செய்த ஃபேனி ஆங்கெரர் 1863-ல் பேரரசியின் பணிக்கு அமர்த்தப்பட்டார். தினமும் தலைவாரிப் பின்ன மூன்று மணி நேரம்வரை ஆகும் என்பது பதிவாகியுள்ளது. படத்தில் பின்னலின் கனம், முறுக்கு, நட்சத்திரம் செருகிய இடைவெளி எல்லாவற்றையும் ஒரு கைவினைஞரின் வேலையாகப் பாருங்கள். வின்டர்ஹால்டர் தீட்டியது இன்னொரு கலைஞரின் படைப்பையும் சேர்த்துத்தான்.

இப்போது முகம்

இவ்வளவுக்குப் பிறகு முகத்துக்கு வாருங்கள். முதலில் தூரிகைத் தடத்தைத் தேடுங்கள். பாவாடையில் தாராளமாகத் தெரிந்தது இங்கே மறைந்திருக்கும். வண்ணங்கள் ஈரமாக இருக்கும்போதே ஒன்றோடொன்று கலந்து, நிழல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாதபடி மென்மையாக்குவது அரசவை ஓவியரின் தொழில் இரகசியம். கண்ணிமை, மூக்கின் ஓரம், உதட்டு மூலை ஆகிய இடங்களில் மட்டும் விளிம்பு கூர்மையாகும். கன்னமும் தாடையும் பின்னணியோடு கரையும் இடங்களையும் கூர்மையான இடங்களையும் இரண்டு நிறப் பென்சிலால் உங்கள் கோட்டோவியத்தில் குறியுங்கள். கூர்மை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நம் கண் நிற்கும்.

அடுத்து அளவு. தாள் துண்டில் தலையின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, உச்சியிலிருந்து இடுப்புவரை எத்தனை தலை வருகிறது என்று பாருங்கள். சாதாரணமாக நிற்கும் மனிதருக்கு இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் வரும். தலை திரும்பியிருப்பதால் இதில் சிறு பிழை நேரும். பாதம்வரை அளக்க முயல வேண்டாம், பாவாடை மறைத்துவிடுகிறது. கழுத்தின் நீளம், தோளின் சரிவு ஆகியவற்றையும் பாருங்கள். தாழ்ந்து சரியும் தோள் அந்தக் கால அழகின் அடையாளம். தோளுக்குக் கீழே இறங்கும் ரவிக்கை வெட்டு அதை இன்னும் கூட்டிக்காட்டும்.

பிறகு புகைப்படம். எமில் ராபெண்டிங் எடுத்த, எலிசபெத் ஹங்கேரியின் அரசியாக முடிசூடிய 1867 விழாவை ஒட்டிய புகைப்படங்கள் எளிதாகக் கிடைக்கும். ஓவியத்துக்கு இரண்டே ஆண்டு பிந்தியவை. பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இதில் எல்லோரும் செய்யும் தவறு, புகைப்படம்தான் உண்மை, ஓவியம் பொய்ப்புகழ்ச்சி என்று சொல்லிவிடுவது. அன்றைய புகைப்படத் தட்டுகள் நீல ஒளிக்கே அதிகம் இசைந்தவை. சிவப்பும் மஞ்சளும் அதில் கறுத்துப் போகும். உதடு கறுக்கும், கன்னச் சிவப்பு அழுக்குப்போல் தெரியும். பல நொடிகள் அசையாமல் நிற்க வேண்டியிருந்ததால் முகமும் இறுகும். ஓவியத்தில் மென்மை கூடுதல் என்றால் புகைப்படத்தில் இறுக்கம் கூடுதல். இரண்டுக்கும் பொதுவாக எது நிற்கிறதோ, மூடிய வாய், நிமிர்ந்த முதுகு, அடர்ந்த புருவம், அதை நம்புங்கள்.

வாழ்க்கையைச் சேர்க்கும் விதம்

இந்தப் படத்தைக் கெடுப்பது சோகக்கதைதான். மகன் ருடோல்ஃப் 1889-ல் மாயர்லிங்கில் இறந்ததும், 1898 செப்டம்பர் 10 அன்று ஜெனீவாவில் எலிசபெத் குத்திக் கொல்லப்பட்டதும் நமக்குத் தெரியும். அதனால் கண்ணில் துயரம் தெரிகிறது என்கிறோம். 1865-ல் தூரிகை பிடித்தவருக்கு அது எதுவும் தெரியாது. எளிய விதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: படம் தீட்டிய ஆண்டுக்குப் பிந்தியதைப் படத்துக்குள் தேடக் கூடாது.

அதற்கு முந்தியதைத் தாராளமாகச் சேர்க்கலாம். மூத்த மகள் சோஃபி இரண்டு வயதில், 1857-ல் இறந்தாள். 1860 முதல் உடல்நலக் குறைவால் மதேய்ரா, கோர்ஃபு தீவுகளில் நீண்ட காலம் தங்கி, 1862-ல் வியன்னா திரும்பினார். இந்தப் படம் தீட்டிய அதே 1865-ன் ஆகஸ்டில், பிள்ளைகள் தொடர்பான எல்லா முடிவுகளும் தன் கையில் இருக்க வேண்டும் என்று கணவருக்கு எழுத்தில் நிபந்தனை விதித்தார். இதைத் தெரிந்துகொண்டு அந்த நிமிர்ந்த முதுகை மறுபடி பாருங்கள். பரிதாபப்படத் தோன்றாது.

படம் யாருக்காக என்பதும் முக்கியம். இதற்கு இணையாகப் பேரரசரையும் இராணுவச் சீருடையில், இதே அளவில் தீட்டினார் வின்டர்ஹால்டர். இரண்டும் ஊருக்குக் காட்டும் முகங்கள். அதே காலத்தில் எலிசபெத்தைக் கூந்தலை அவிழ்த்துவிட்ட நிலையிலும் தீட்டினார். அவற்றில் ஒன்று பேரரசரின் பணியறையில் தொங்கியது. நட்சத்திரப் படத்தையும் அவிழ்ந்த கூந்தல் படத்தையும் அருகருகே வைத்தால், ஒரே முகம் அரசாங்கத்துக்கு எப்படி, கணவனுக்கு எப்படி என்று விளங்கும். இந்த ஒப்பீட்டைத் தவறவிடாதீர்கள்.

நம் பக்கத்துக்கு நெருக்கமான ஒப்பீடும் உண்டு. குடகின் கடைசி அரசர் சிக்க வீரராஜேந்திரரின் மகள் கௌரம்மாவை இதே வின்டர்ஹால்டர் 1852-ல் விக்டோரியா மகாராணிக்காகத் தீட்டினார். சிறுமிக்கு அப்போது 11 வயது. அதே ஆண்டு ஜூலை 5-ல் மகாராணி ஞானத்தாயாக நிற்க ஞானஸ்நானம் நடந்தது. எலிசபெத்தின் படத்துக்கான செலவும் முடிவும் எலிசபெத்தின் குடும்பத்துடையவை. கௌரம்மாவை வரையச் சொன்னது அவளுடைய குடும்பமல்ல. இரண்டையும் பார்க்கும்போது உடையை யார் தேர்ந்தெடுத்திருப்பார், படம் யார் வீட்டுச் சுவருக்குப் போனது என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். ஓவியரின் கைத்திறன் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் படம் செய்யும் வேலை வேறு.

அசலின் முன் நிற்கும்போது

முதலில் 6, 7 மீட்டர் தள்ளி நின்று முழுவதையும் பாருங்கள். பிறகு 2 மீட்டருக்கு வாருங்கள். அதன்பின் தடுப்பு அனுமதிக்கும் வரை நெருங்குங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்வது நல்ல பழக்கம், பேசும்போது விரல் தானாக நீளும். தலை உயரத்தில் இருப்பதால் சிறிய தொலைநோக்கி ஒன்று மிகவும் உதவும். வார்னிஷ் பூசிய பெரிய படத்தில் சன்னல் வெளிச்சம் பட்டை அடிக்கும். நேராக நிற்காமல் பக்கவாட்டில் இரண்டடி நகருங்கள், அல்லது முழங்காலை மடக்கிப் பாருங்கள். ஒளிப்பட்டை நகர்ந்துவிடும். அப்படிச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் கெட்டியாக வைத்த வெள்ளைப் புள்ளிகள் மேடாக எழுந்து தெரியும். எந்த மின்படத்திலும் அது கிடைக்காது. விளக்க அட்டையை ஐந்து நிமிடம் கழித்துப் படியுங்கள்.

பயிற்சிக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்குள்ள ரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்களில் சரிகையும் நகையும் எப்படி எழுந்து நிற்கின்றன என்று இதே சாய்வுப் பார்வையில் பாருங்கள்.

வீட்டில் மாட்ட அச்சுப்படி வாங்குபவர்கள் விகிதத்தைச் சரிபாருங்கள். அகலத்தைவிட உயரம் ஏறத்தாழ 1.92 மடங்கு. 42 செ.மீ. உயரத்துக்கு அச்சிட்டால் அகலம் 22 செ.மீ.தான் வர வேண்டும். சாதாரண ஏ3 தாளை நிறைத்து 30 செ.மீ. அகலத்தில் வந்தால் பாவாடையின் வீச்சை வெட்டியிருக்கிறார்கள், அல்லது உருவத்தை இழுத்து அகலமாக்கியிருக்கிறார்கள். மார்புவரை மட்டும் வெட்டிய படிகள்தான் அதிகம் விற்கின்றன. அதை வாங்காதீர்கள், அந்தத் தலையை மேலே ஏந்தி நிற்பது கீழே உள்ள வெள்ளை முழுவதும்தான்.